தட்டு நிற்கிற இடம்

அரசாங்கக் கொள்வனவு நடைமுறைப்படி, ஒரு பொருளை வாங்குவதற்கு முதல் அது தேவைதானா என்று ஒருவர் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மாவட்டச் செயலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த உறுதிப்படுத்தலை மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சாபம் வாங்கியவன் நான். மேசை வேண்டும் என்று வந்தவரிடம், இருக்கிற மேசைக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பேன். கால் உடைந்துவிட்டது என்றால், உடைந்த கால் எங்கே என்று கேட்பேன். ஆகவே, என் மனைவி இறந்த பிறகு வந்த முதல் மாரி ஓய்ந்ததும் ஒரு றெக்கோட் பிளேயர் வாங்கத் தீர்மானித்தபோது, அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுக்கொள்வதுதான் முறை.

தேவை இதுதான். எங்கள் அலுமாரியில் இருக்கும் இசைத்தட்டுகளில் ஒன்றில், ஒரு பாட்டின் நடுவில் ஊசி சிக்கிக்கொள்ளும். சிக்கிக்கொண்டு அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அந்த இடத்தை நான் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

பாட்டு பெரிய பாட்டு ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஒலித்த, இப்போது ஒருவருக்கும் ஞாபகமில்லாத பாட்டு. முதலாவது சரணம் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு இடையில் வயலின் ஒன்று மேலே ஏறும். அது ஏறி முடிப்பதற்குள் ஒரு கீறல். கீறலில் இடறி, ஏறிய வழியே திரும்பி வந்து மறுபடியும் ஏறத் தொடங்கும். கீறலை உண்டாக்கியது நான் என்று மனைவி சொல்வாள். பூனை என்று நான் சொல்வேன். பூனை மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

தட்டுகள் எல்லாம் அவளுடையவை. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. கருவியும் அவளுடையதுதான். பிடி வைத்த பெட்டி. மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தால் அதுவே ஒலிபெருக்கி. "இந்த வீட்டில சொன்ன சொல் கேக்கிறது இது ஒண்டுதான்" என்று அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கும்படி சொல்வாள்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. ஊசி பொருத்திய கையை அவளைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. என்னுடைய கை பேனைக்கும் முத்திரைக்கும் பழகியது என்பது அவளுடைய தீர்ப்பு. "றப்பர் ஸ்டாம்ப் அடிக்கிற மாதிரி ஊசிய வெப்பீங்க" என்பாள். மேன்முறையீட்டுக்கு இடமில்லை.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் தட்டைப் போட்டுவிட்டு அவள் சமைக்கக் குசினிக்குப் போய்விடுவாள். நான் சாய்மனைக் கதிரையில் இருப்பேன். வயலின் சிக்கும். சில நேரம் அவள் கிணற்றடியில் நிற்பாள், அவளுக்குக் கேட்காது. ஆனால் தகர வேலிக்கு அந்தப் பக்கம் இறால் உரித்துக்கொண்டிருக்கும் அக்காவுக்குக் கேட்டுவிடும். அந்த அக்காவின் புருஷன் வாவியில் தொழில் செய்கிறவர். அவர் பிடித்து வருவதைத் துப்பரவாக்குவது பின்னேரங்களில் அவவின் வேலை. சத்தமாகக் கூப்பிடுவா.

"ரீச்சர், பிளேட் நிண்டிற்று."

"ஓம் அக்கா, வாறன்."

பிறகு குசினி வாசலில் என் மனைவி வந்து நிற்பாள். முதலில் என்னைப் பார்ப்பாள்.

"பக்கத்து வீட்டுக்குக் கேக்கிது. உங்களுக்குக் கேக்கல்லயா?"

"கேட்டதுதான். தொட எனக்கு அதிகாரமில்லயே."

"நல்ல அரசாங்கம்."

மற்ற விரல்களில் மிளகாய்ச் சம்பல் இருக்கும் என்பதால் சுண்டுவிரலால் ஊசிக் கையை மெல்லத் தள்ளிவிடுவாள். பாட்டு நகர்ந்து இரண்டாவது சரணத்துக்குப் போகும். அவள் உடனே திரும்பிப் போகமாட்டாள். மிளகாய்க் கையைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாசல் நிலையில் தோளைச் சாய்த்து, அந்தச் சரணம் முடியும்வரை நிற்பாள். பிறகு அடுப்பு ஞாபகம் வரும். பாடசாலைக்கு பஸ் பிடிக்கவும், கொப்பி திருத்தவும், மகனைக் குளிப்பாட்டவும், என்னைத் திட்டவும் என்று நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தவள் நின்று நான் பார்த்தது அந்த ஒரு சரணத்தின் நீளம்தான்.

கருவி எங்களிடம் நிலைக்கவில்லை. சண்டைக் காலத்தில் ஊரோடு நாங்களும் இடம்பெயர்ந்து, குருக்கள்மடத்தில் அவளுடைய தங்கை வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தோம். திரும்பி வந்தபோது பெட்டியைக் காணவில்லை. தட்டுகள் அப்படியே கிடந்தன. கொண்டுபோனவர் அவசரக்காரராக இருக்கவேண்டும், அல்லது எங்கள் ரசனை பிடிக்காதவராக இருக்கவேண்டும். அவள் தட்டுகளைத் துடைத்து, அலுமாரியில் நிமிர்த்தி அடுக்கி, இடையிடையே பூச்சி உருண்டை போட்டு வைத்தாள். இன்னொரு கருவி வாங்குவோம் என்று நான் சொல்லும்போதெல்லாம், "பென்சன் எடுத்த பிறகு பாப்பம், இப்ப ஆருக்கு நேரம்" என்பாள். பென்சன் எடுத்த பிறகு, மகனின் கல்யாணம் முடியட்டும் என்றாள். பிறகு கண்ணில் வெள்ளை படர்ந்ததற்குச் சத்திரசிகிச்சை. எங்களிடம் காலம் நிறைய இருக்கிறது என்று இருவருமே நம்பினோம். ஓய்வூதியர்களுக்கு வரும் நோய்களில் அது முதலாவது.

வைகாசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிறுநீரகம் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மரணப் பதிவு, ஓய்வூதியத்தை நிறுத்துவதற்கான அறிவித்தல், வங்கிக் கணக்கு, தேசிய அடையாள அட்டையை ஒப்படைத்தல் எல்லாவற்றையும் நானே செய்தேன். ஒரு கந்தோரிலும் என்னைத் திருப்பி அனுப்பவில்லை. எந்தப் பிரதியில் யார் உறுதிப்படுத்த வேண்டும், எந்த மூலையில் முத்திரை ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சனங்கள் என் வேகத்தைப் பார்த்து, மனுசன் திடமாக இருக்கிறார் என்றார்கள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், அதைச் செய்தேன். செய்து முடித்த பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்போதுதான் அலுமாரியைத் திறந்தேன்.

வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொன்னேன்.

"அப்பா, அந்தப் பாட்டு போன்லயே இருக்கு. இப்பவே அனுப்புறன்."

அனுப்பினான். கேட்டேன். தண்ணீரில் அலசி எடுத்த மாதிரிச் சுத்தமாக இருந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டன். இதில நிக்கிதில்ல."

அவனுக்கும் தெரியும். சின்ன வயதில் அந்தப் பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தவன் அவன். பாடசாலை நிகழ்ச்சி ஒன்றில் மேடையேறி, வயலின் பகுதியை வாயால் இசைத்து, அந்த இடத்தில் சிக்கி, திரும்பப் போய், மறுபடி சிக்கி, தாய் வந்து தள்ளிவிடும் நேரத்தையும் கணக்குப் பார்த்துக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த சரணத்தைத் தொடங்கினான். சபை சிரித்த சிரிப்பில் அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"சரி அப்பா," என்றான். "நல்லதாப் பாத்து வாங்குங்க."

நல்லதாகப் பார்த்து வாங்குவது எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. மூன்று இடத்தில் விலை கேட்டுக் கேள்விப்பத்திரங்கள் பெறவேண்டும். தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு கூடவேண்டும். தலைவர் நான், உறுப்பினர் நான், செயலாளரும் நான். குழுவில் கருத்து வேறுபாடு எழவில்லை. இந்த வீட்டில் எந்தத் தீர்மானத்துக்கும் எதிர்க்கருத்துப் பதிவு செய்ய ஒருவர் இருந்தார். அந்த ஆசனம் வெற்றிடமாக இருந்தது.

முதலாவது, கொழும்புக் கடையொன்று இணையத்தில் விற்ற சூட்கேஸ் மாதிரியான சின்னப் பெட்டி. இளநீல நிறம். பார்க்க எங்கள் பழைய பெட்டியின் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. ஆனால் கை முழுக்கப் பிளாஸ்ரிக், ஊசியின் பாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, தட்டு சுற்றும் வேகமும் ஒரே சீராக இல்லை என்று வாங்கியவர்களே எழுதியிருந்தார்கள். நிராகரிக்கப்பட்டது.

இரண்டாவது, கல்குடாவில் ஒரு விருந்தினர் விடுதியில் இருந்தது. விற்பதற்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ்ஸேறிப் போனேன். பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் நின்றது. வெள்ளைக்காரர் அதோடு படம் எடுப்பார்கள் என்று முகாமையாளர் பெருமையாகச் சொன்னார். பாடுமா என்று கேட்டேன். பாடவும் வேண்டுமா என்பது போலப் பார்த்தார். பாடினாலும், அதன் உருக்கு ஊசி எங்கள் தட்டில் பட்டால் வயல் வட்டைக்குள் கலப்பை இறங்கியது மாதிரி உழுதுவிட்டுத்தான் போகும். நிராகரிக்கப்பட்டது.

மூன்றாவது காத்தான்குடியில் கிடைத்தது. கடைக்காரர் வளைகுடாவில் நீண்ட காலம் இருந்துவிட்டு வந்தவர். அங்கிருந்து வரும் பழைய மின்சாதனங்களை வைத்து வியாபாரம் செய்கிறார். கதவு முழுக்க மின்விசிறிச் சிறகுகளும் அரைக்கும் இயந்திரங்களும் தொங்கும். உள்ளே போக ஆள் உடம்பைக் குறுக்க வேண்டும்.

"டேர்ன்டேபிளா? இரிக்கி சேர். அரபி ஊட்டுச் சாமான்," என்று ஒரு போர்வையை விலக்கினார். "தூக்கிப் பாருங்க. இந்தப் பாரம் இரிந்தாத்தான் ஆடாம அசையாமக் கிறுகும்."

அது நல்ல கருவி. தட்டு வைக்கும் வட்டம் கனத்த உலோகம். அதைச் சுற்றவைப்பது ஒரு றப்பர் நாடா. மோட்டாரின் நடுக்கம் ஊசிக்குப் போகாது. கையின் பின்முனையில் திருகிக் கூட்டிக் குறைக்கும் பாரம். கையை மெல்ல வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு சின்னக் குமிழ். எல்லாவற்றையும் விட, ஊசியை ஏற்றி இறக்கப் பக்கத்தில் ஒரு நெம்பி. கையைத் தொடாமலே தட்டில் வைக்கலாம், சட்டத்தை மீறவேண்டியதில்லை.

ஒவ்வொரு தலைப்பின் கீழும் புள்ளி போட்டேன். மூன்றாவது எல்லாத் தலைப்பிலும் முன்னுக்கு நின்றது. குழு ஏகமனதாகப் பரிந்துரைத்தது. கடைக்காரர் ஊசியைப் புதிதாக மாற்றி, பாரத்தை அளந்து வைத்து, தன் வான் வண்டியில் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கினார்.

சனிக்கிழமை வரும்வரை காத்திருந்தேன். தட்டை மெல்லிய துணியால் துடைத்தேன். கதிரையைக் குசினி வாசல் தெரியும்படி பழைய இடத்துக்கு நகர்த்தினேன். நெம்பியை இறக்கினேன். ஊசி போய் இருந்த மென்மையைப் பார்த்து, இவளுக்குக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது அந்த வாரத்தில் எத்தனையாவது முறையென்று தெரியாது.

பல்லவி போனது. முதலாவது சரணம் போனது. வயலின் ஏறத் தொடங்கியது. நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வயலின் இடறாமல் மேலே போனது. நான் ஒருநாளும் கேட்டிராத இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டு, அங்கே கொஞ்சம் நின்று, வளைந்து இறங்கி, பாடகரின் குரலை அழைத்து வந்து விட்டுவிட்டுப் போனது. அழகாகத்தான் இருந்தது. இரண்டாவது சரணம் முழுதாக ஒலித்தது. குசினி வாசலில் வெயில் விழுந்து கிடந்தது. ஒருவரும் வரவேண்டிய தேவை இருக்கவில்லை.

மறுபடி வைத்தேன். மறுபடியும் 'டிக்'. அன்று பின்னேரம் எத்தனை முறை வைத்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்த நல்ல கருவி தன் கடமையைச் செய்தது.

கீறல் தட்டில்தான் இருக்கிறது, ஆகவே எந்தக் கருவியில் போட்டாலும் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். பாதிப் பழுது எங்கள் பழைய பெட்டியின் கையில் இருந்திருக்கிறது. கூடிய புள்ளி பெற்றதைத் தெரிவுசெய்யும் பழக்கத்தில், வேண்டியதைச் செய்யவே மாட்டாத ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறேன். சேவைக் காலத்தில் இப்படி எத்தனை பேருக்கு எத்தனை மேசை வாங்கிக் கொடுத்தேனோ.

திங்கட்கிழமை முச்சக்கர வண்டி பிடித்து, கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன்.

"பழுதா சேர்?" கடைக்காரரின் முகம் வாடிவிட்டது.

"பழுதில்ல. நிக்கிதில்ல."

"விளங்கல்ல."

"தட்டில ஒரு கீறல் இருக்கு. அதில ஊசி சிக்கி நிக்கவேணும். இது நிக்காமப் போகுது."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "சேர், நிக்கிது எண்டு சாமான் கொண்டு வாற ஆக்களக் கண்டிரிக்கன். நிக்கல்ல எண்டு கொண்டு வந்த முதலாவது ஆள் நீங்கதான்."

"நிக்கவைக்க ஏலுமா?"

"நல்ல சாமானக் கெடுக்கச் சொல்றீங்க."

"கெடுக்கிறதுக்கும் மூண்டு கொட்டேசன் எடுக்கவா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். "அந்த இடத்தில நிண்டாத்தான் என்ர மனிசி எழும்பி வருவா," என்று வாயில் வந்துவிட்டது. இன்னும் இருக்கிறவளைப் போலச் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது. திருத்தம் செய்யவும் தெரியவில்லை.

அவர் மேசையில் கிடந்த பழைய வயர்களை ஒதுக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டார். எதிர்க்கடைக்குக் கை காட்டிப் பால் விடாத பிளேன்ரீ சொன்னார்.

"எப்ப சேர்?"

"வைகாசியில."

கருவியைத் தன் பக்கம் திருப்பி, பின்பாரத்தைத் திருகினார். ஊசி தட்டில் இருக்கும் பாரத்தைக் குறைத்தார். வெளிப்பக்கமாக இழுக்கும் குமிழைக் கூட்டினார்.

"எவ்வளவு எண்டு எனக்கும் தெரியா சேர். கெடுத்துப் பழக்கமில்ல. ஊட்டுக்குப் போய்க் குமிழக் கொஞ்சம் கொஞ்சமாக் கிறுக்கிப் பாருங்க." பிளேன்ரீயை என் பக்கம் தள்ளினார். "ஆனா ஒண்டு. நிண்டு நிண்டு வாசிச்சா அந்த இடம் தேயும். கனதரம் வெச்சீங்க எண்டா ஊசி வழி வெட்டிக்கொண்டு போயிரும். மறுகா இந்தச் சாமானில எண்டில்ல, ஒண்டிலயும் நிக்காது."

"ஒருதரம் போதும்," என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை வரை அந்தத் தட்டில் கை வைக்கவில்லை. வேறு பழைய தட்டொன்றைப் போட்டுத் திருகித் திருகிப் பார்த்தேன். பாரம் அதிகமாகக் குறைந்தால் ஊசி பாட்டுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. கூடினால் ஒழுங்காக வாசித்தது. வாழ்நாளெல்லாம் விதிகளை ஒழுங்காக நிறைவேற்றியவனுக்கு, சரியான அளவில் பிழையாக வைப்பது லேசாக இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் அந்தத் தட்டைப் போட்டேன். நெம்பியை இறக்கிவிட்டுக் கதிரையில் போய் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தா. ஒவ்வொன்றாக வாளித் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. வாவிப் பக்கமிருந்து காற்று வந்தது.

பல்லவி. முதலாவது சரணம். வயலின் ஏறியது. கீறலுக்கு வந்தது. இடறியது. திரும்பி வந்தது.

மறுபடி ஏறியது. மறுபடி இடறியது.

நான் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் நடக்காது என்று எனக்குத் தெரியும். மரணச் சான்றிதழின் எல்லாப் பிரதிகளையும் நானே கையெழுத்திட்டு வாங்கியவன். ஆனாலும் கண் அங்கேதான் நின்றது. வயலின் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. தேய்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் தேய்கிறது என்று தெரிந்தும் எழும்பவில்லை. எழும்பித் தள்ளுவது என் வேலை இல்லை.

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ரீச்சர், பிளேட் நிண்டிற்று."

சொன்னது அக்காவின் வாய். அவவுக்கே அது தெரிந்திருக்காது. எங்கள் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவ அவ. குளிப்பாட்ட உதவியவ. எட்டாம் நாள் சடங்கு முடியும்வரை எனக்குச் சோறு அனுப்பியவ. கைவேலையில் இருந்தபடி, எவ்வளவோ வருசத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் காதில் விழ, பழகிய பதில் வாயில் வந்துவிட்டது.

அடுத்த கணம் அங்கே எல்லாம் நின்றது. வாளிச் சத்தம் இல்லை. வயலின் மட்டும் ஏறிக்கொண்டும் விழுந்துகொண்டும் இருந்தது.

அப்படிக் கூப்பிட்டால் இந்தப் பக்கமிருந்து ஒரு பதில் போகவேண்டும். எப்போதும் போயிருக்கிறது. அதை அந்த மனுசியின் தலையில் அப்படியே விட்டுவிட முடியாது.

"ஓம் அக்கா, வாறன்," என்றேன்.

எழும்பிப் போனேன். நெம்பியை உயர்த்தி இறக்கினால் ஊசி அதே இடத்தில்தான் போய் இருக்கும், தள்ளித்தான் ஆகவேண்டும். சுண்டுவிரலை நீட்டினேன். முதல் தரம் தொட்டதில் நகரவில்லை. இரண்டாம் தரம் மெல்லத் தள்ளினேன். ஊசி கீறலைத் தாண்டியது. இரண்டாவது சரணம் தொடங்கியது.

கதிரைக்குத் திரும்பிப் போகவில்லை. குசினி வாசலுக்குப் போய், அவள் சாயும் நிலையில் தோளைச் சாய்த்து நின்றேன். அங்கிருந்து பார்த்தால் சாய்மனைக் கதிரை நேரே தெரிகிறது. அதில் இருக்கிற ஆளின் முகம் முழுவதும் தெரியும். அது எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

வேலிக்கு அந்தப் பக்கம் இறால் விழும் சத்தம் இன்னும் தொடங்கவில்லை. சரணம் முடியும்வரை இருவரும் நின்றோம்.